நான்கடி தள்ளிய குச்சிகள்

செவ்வாய் இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதே. மாமாவுக்குக்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

அம்மாவும் இல்லாத வீட்டில், நீ போனபிறகு பேச்சே இல்லை. அப்பா சாப்பிடுவார், வரைபடத்தை விரிப்பார், அவ்வளவுதான். ஆற்றங்கரை நடைபாதை இரண்டு பக்கமும் முடிந்துவிட்டது. உன் வீட்டுப் பின்புறம் முந்நூறு மீட்டர்தான் பாக்கி. நடக்க வருகிறவர்கள் வேலிவரை வந்து திரும்பிப் போகிறார்கள். அந்த இடைவெளியை அளந்து குறிக்கிற வேலை அப்பா தலையிலேயே விழுந்திருக்கிறது.

ஞாயிறு மாலை உன்னை எட்டிப் பார்க்கத்தான் வந்தேன். வீடு பூட்டியிருந்தது. பாதையின் ஓரத்தைக் காட்டும் சிவப்புக் குச்சிகள் உன் சமையலறைச் சுவரை ஒட்டினாற்போல நின்றன. மாமாவை நீ கட்டிக்கொண்ட கோபத்தை அப்பா உன் சுவரை இடித்துத் தீர்த்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்துவிட்டேன். ஒன்பது குச்சிகளையும் பிடுங்கி, ஆற்றுப் பக்கமாக நான்கடி தள்ளி நட்டேன். இப்போது பயமாக இருக்கிறது. பதிலைப் பள்ளி முகவரிக்கு அனுப்பு.

உன் தங்கை


வெள்ளிக்கிழமை

என் வாலுக்கு,

என்ன காரியம்டி செய்தாய்! போன வாரம் அப்பா மூன்று நாள் இங்கே வந்து அளந்தார். என் முகத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. டேப்பைப் பிடித்திருந்த ஆளிடம், "அந்தம்மா சுவர்ல கை படாம போக வழி இருக்கான்னு பாருப்பா" என்றார். அந்தம்மா நான்தான்! சிரிப்பதா அழுவதா, சொல். சுவரை இடிக்காத கோட்டை அவரே தேடிப் பிடித்துக் குறித்திருந்தார்.

நேற்று மேலதிகாரி வந்தார். குச்சிகள் வரைபடத்தோடு ஒத்துப்போகவில்லை. "பொண்ணு வீட்டுக்காக நீங்களே நகர்த்தினீங்களா சார்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். வருகிற வியாழக்கிழமை விசாரணை. நான் போய் அதிகாரியிடம் சொன்னால், வீட்டைக் காப்பாற்றச் சொல்கிறாள் என்று என் பேச்சு எடுபடாது. நீதான் அப்பாவிடம் சொல்ல வேண்டும். அடித்தால் வாங்கிக்கொள்.

அக்கா


புதன் இரவு

அக்கா,

விடிந்தால் விசாரணை. மூன்று முறை அவர் அறை வாசல்வரை போனேன். மூன்று முறையும் திரும்பி வந்துவிட்டேன்.

அவருக்கு யார்மேலும் சந்தேகமே இல்லை, தன்மேல்தான். இருபத்தெட்டு வருடம் பிசகாத கை பிசகிவிட்டது என்று நம்புகிறார். சாப்பிடும்போது, "வயசாச்சு. கண்ணு ஏமாத்துது போல" என்றார். என்னிடம் அல்ல, தட்டிடம். நான் தண்ணீரை ஊற்றி வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

சொன்னால் என்னோடும் பேச்சை நிறுத்திவிடுவார். உனக்கு மாமா இருக்கிறார். எனக்கு இந்த வீட்டில் வேறு யார்? ஆனால் சொல்லாவிட்டால்

கதவைத் தட்டுகிறார்.

"முழிச்சிருக்கியா பாப்பா? இந்த அளவு நோட்டுல நான் எழுதினது நாலா, ஏழா? கொஞ்சம் பார்த்துச் சொல்லேன். எனக்கு என்மேலயே நம்பிக்கை போயிடுச்சு."

அக்கா, நான் கதவைத் திறக்கப் போகிறேன். சொல்லிவிடுகிறேன்.