ஃபாலோ போடாத சிவப்புக் காய்

அண்ணாச்சி,

காலையில் சலூனில் முடி வெட்டிவிட்டுப் பிடரியில் பவுடர் தட்டினார்கள். அந்த வாசம் ஏறியதும் என் ஆள்காட்டி விரல் தானாகச் சுண்டியது. பலகையில் இருந்த சீப்பு பறந்து, கண்ணாடியில் மோதி, வாசலில் நின்ற சைக்கிள் கூடைக்குள் போய் விழுந்தது. நம்பினால் நம்புங்கள். அப்போதிருந்து இருப்புக் கொள்ளவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன், திரும்பினேன், மறுபடி போனேன். உங்கள் ஊர் திருவில்லிபுத்தூரிலிருந்து வந்த பஸ்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நாம் மில்லில் இருந்து ரிட்டையர் ஆன கையோடு மதினி போய்ச் சேர்ந்தார்கள். சுவர் பக்கம் திரும்பிப் படுத்த நீங்கள் மூன்று மாதமாக இந்தப் பக்கம் திரும்பவில்லை. பார்க்க வந்தபோது உங்கள் மருமகள் வாசலிலேயே அழுதது. "மாமா பேச மாட்டேங்காவ. ரெண்டு வாய்க்கு மேல சோறும் எறங்கல. இப்படியே போயிருவாவளோன்னு பயமா இருக்கு."

மறுநாளே கேரம் போர்டைத் தலையில் தூக்கி பஸ் ஏறினேன். லக்கேஜ் கேட்ட கண்டக்டரிடம், "ஏலே, நான் ஜில்லா சாம்பியன்" என்றேன். பஸ்ஸே எழுந்து இடம் கொடுத்தது.

உங்கள் கட்டிலோரம் பவுடர் தூவி, உங்களுக்கும் சேர்த்து நானே ஆடினேன். "அண்ணாச்சி மிஸ்ஸு! எனக்கு ஒண்ணு விழுந்துட்டு!" நைசாக ஒரு காயைக் கையாலேயே குழிக்குள் தள்ளினேன்.

சுவரைப் பார்த்தபடியே நீங்கள் வாய் திறந்தீர்கள்.

"சுண்டுன சத்தமே கேக்கல. காய் எப்பிடிலே விழுந்துச்சு?"

மெஷின் இரைச்சலுக்குள் எந்த நூல் அறுந்தது என்று சொல்லும் காது அல்லவா! "நீங்க பாத்தியளா?" என்றேன். எழுந்து உட்கார்ந்தீர்கள். டாக்டர் ஊசியால் ஆகாததை என் கள்ளாட்டம் செய்தது. கோபத்தில் அன்றைக்கு நாலு தோசை சாப்பிட்டீர்கள். ஆறு என்றும் சொல்லலாம்.

பொறவு நீங்களே பஸ் பிடித்து என் வீட்டுக்கு வர ஆரம்பித்தீர்கள். "இந்த வயசுல என்னப்பா வெளையாட்டு? தெருவே சிரிக்குது" என்று உங்கள் மகன் தடுத்தபோது என்ன சொன்னீர்கள்? "சிரிக்கட்டும்லே. நான் போகலன்னா இந்தக் களவாணி ஜெயிச்சுட்டேன்னு ராசபாளையம் பூராச் சொல்லுவான்."

ஏழு வருடம் ஆடினோம். கடைசி நாள் சிவப்பைப் போட்டீர்கள். அதற்கு ஃபாலோவாக உங்கள் வெள்ளைக் காய் ஒன்றையும் போட்டால்தான் சிவப்பு உங்களுக்கு. ஸ்டிரைக்கரை வைத்தவர் கையை உதறினீர்கள். "கை அசதியா இருக்கு. காலைல வந்து போடுதேன். காயத் தொட்ட, தொலைச்சிருவேன்."

காலையில் உங்கள் மகன்தான் வந்தான், துக்கம் சொல்லிவிட்டுப் போக.

போர்டு அப்படியே இருக்கிறது. உங்கள் வெள்ளைக் காய் குழியின் விளிம்பில் நிற்கிறது, ஊதினாலே விழும். ஊதிவிட்டு அண்ணாச்சி போட்டுவிட்டார் என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? பல தடவை குனிந்தும் விட்டேன். சுண்டும் சத்தம் இல்லாமல் காய் விழுவது உங்களுக்குப் பிடிக்காதே.

ஊரில் கேட்பவர்களிடம் அந்த ஆட்டம் நான் ஜெயித்ததாகத்தான் சொல்லியிருக்கிறேன். ஃபாலோ விழாத சிவப்பைத் திரும்ப நடுவில் வைப்பதுதான் சட்டம். நான் வைக்கவில்லை; அந்தச் சிவப்பு என் சட்டைப் பையில் இருக்கிறது. இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில் அதை உருட்டிக்கொண்டேதான் நின்றேன்.