வெங்காயத்தை நம்பின கதை

3 மார்ச் 2025, திங்கள்
குண்டு, உன் அக்கா மகள் ஷாமளா வந்தாள். நீ போய்ச் சேர்ந்து ஐம்பது நாள் ஆகியும் நீ வேலை செய்த செம்பனை எண்ணெய் ஆலையில், அந்தக் கிலாங்கில், அதே பாட்டுதான் – இயந்திரத்துக்கு மூடி இருந்ததாம், ராமையாதான் கவனமில்லாமல் கையை விட்டானாம், எல்லாம் உன் தப்பாம். மூடி இல்லாததை நீ எடுத்த படம் உன் போனிலேயே இருக்கிறது. பத்திரிகைக்கு அனுப்பலாம் என்கிறாள். நான்தான் அனுப்பினேன் என்று தெரிந்தால் கம்பெனி வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களே?
"ஆளே தெரியாம அனுப்பலாம் அத்தை." போனில் வெங்காயப் படம் போட்ட ஒரு ஆப்பைக் காட்டுகிறாள். அதற்குள் போனால் எவனுக்கும் நம்மைத் தெரியாதாம்.

5 மார்ச்
அந்த வெங்காயத்துக்கு அமெரிக்கா கவர்மெண்டும் காசு கொடுத்ததாம்! கேட்டேன்: "காசு குடுத்தவன் எட்டிப் பாக்க மாட்டானாடி?"
"செஞ்ச விதத்த எல்லாரும் பாக்கத் தொறந்து வெச்சிருக்காங்க அத்தை. உள்ள கள்ளத்தனம் வெச்சா எவனாச்சும் கண்டுபிடிச்சிருவான்லா."
ரொட்டி சானாய்க் கடையும் அப்படித்தானே. முதலாளி யாரோ, மாவைக் கண்ணெதிரே வீசுகிறான், சாப்பிடுகிறோம்.

6 மார்ச்
அனுப்பியாச்சு.

7 மார்ச், வெள்ளி
ஐயோ குண்டு, என்னைப் போல மண்டு உண்டா? வெங்காயத்தை முக்கால்வாசிதான் நம்பினேன். மீதிக்கு முனியாண்டி கோயிலில் அர்ச்சனை. பூசாரி காதில் மெதுவாகத்தான் சொன்னேன். அவர் மைக்கில் – "அழகம்மா, ரோகிணி நட்சத்திரம், பேப்பருக்கு அனுப்பின புகார் நல்லபடியா முடியணும்!"
பின்னால் நின்றது சூப்பர்வைசர் பெண்டாட்டி யோகேஸ்வரி. "என்ன புகாருக்கா?"
"கரண்டு பில்லு."
"அதுக்குப் பேப்பரா?"

12 மார்ச்
பேப்பரில் படம் வந்துவிட்டது. பெரிசாக.

13 மார்ச்
கிலாங்கில் கூட்டிக்கொண்டிருந்த என்னை மேனேஜர் உள்ளே கூப்பிட்டார். "நீங்களா அனுப்பினது?" இல்லை என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். யோகேஸ்வரி கோயிலில் கேட்டது மட்டும் சாட்சியா? வெங்காயமும் காட்டிக்கொடுக்காது. ஆனால் வாயில் வந்தது: "ஆமா, நான்தான். படம் எடுத்தது என் வீட்டுக்காரரு." மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யணும்.

29 மார்ச், சனி
சாமான் லாரியில் ஏறியாச்சு. லூனாஸில் உன் அக்கா வீட்டுக்கு. விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் உன்னோடு வேலை செய்த அழகேசன் அண்ணனும் இன்னும் நாலு பேரும், மூடி கிடையாது என்று பேர் போட்டே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். உன்னைக் கவனமில்லாதவன் என்று இனி ஒருத்தனும் சொல்ல முடியாது.
படம் எடுத்த அன்றே நீ ஆபீசில் காட்டக் கிளம்பினாய். சும்மா கெட, வேல போயிரும்னு தடுத்தவ நாந்தானே. குண்டு – எம்மேல கோவமா?