ரேடியேட்டருக்குச் சரியான மூடி போட்டாச்சு, அப்பா

என் செல்ல அப்பாவுக்கு,

முதலில் நல்ல செய்தி. நம் வெள்ளைக் கார் இப்போது கொதிப்பதில்லை. நீங்கள் நம்பமாட்டீர்கள். அம்மாவே இன்னும் முழுசாக நம்பவில்லை.

நீங்கள் இருந்தவரை பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை சித்தி வீட்டுக்குப் போவதென்றால் பெரும்பாடுதான். உதியன்குளங்கரை தாண்டும்போதே முன்னால் ஆவி கிளம்பும். எப்படியோ அமரவிளை வரை உருட்டி, ரோசம்மா அக்கா வீட்டு முன்னால் நிறுத்துவீர்கள். அக்கா ஒரு குடம் தண்ணீரோடு வருவார். வண்டி ஆறுவதற்குள் நீங்கள் சாயா குடித்து ஊர்க்கதை முழுக்கப் பேசி முடிப்பீர்கள்.

நீங்கள் போன பிறகு சாவி அண்ணன் கைக்கு வந்தது. அவனுக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம் என்று உங்களுக்குத் தெரியாதா? வழியில் ஆவி பறந்ததும் வண்டியை விற்கக் கிளம்பிவிட்டான். அம்மா சோறு இறங்காமல் உட்கார்ந்துவிட்டாள். நான்தான் நடுவே புகுந்தேன்.

"ஞாயித்துக்கிழம அம்மைய சித்தி வீட்டுக்குக் கொண்டு போறேன். வழியில கொதிச்சா நீ வித்துக்கோ."

"வாக்கு மாறப்பிடாது, கேட்டியா?" என்றான்.

வாயை விட்டாயிற்று, இனி வழி பார்க்க வேண்டுமே. ரேடியேட்டர் மூடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் மூடியின் தலையில் இருந்த அழுத்த எண்ணைப் பார்த்தார். 0.5. நம் வண்டிக்கு வேண்டியது 0.9.

"இத ஆராக்கும் போட்டது?" என்று கேட்டார். நான் என்ன சொல்ல? "பழைய வண்டி, பாவம், லேசான மூடி போதும்" என்று நீங்கள் வாங்கிப் போட்டதுதானே அது? ஸ்பிரிங் லேசானால் உள்ளே அழுத்தம் நிற்காதாம். அழுத்தம் நிற்காவிட்டால் தண்ணீர் சீக்கிரமே கொதித்து வெளியே வந்துவிடுமாம். நீங்கள் பட்ட இரக்கம்தான் வண்டியை இத்தனை காலம் வேகவைத்திருக்கிறது!

அண்ணனிடம் போனில் சொன்னேன். "அப்பம் 1.1 வாங்கு பிள்ளே, பெலமா இருக்கும்" என்றான். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை. அவ்வளவு அழுத்தத்தை நம் பழைய ரப்பர் ஹோஸ் தாங்குமா? பிய்த்துக்கொண்டு போயிருக்கும். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம் என்று 0.9 வாங்கி வந்து மாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சாட்சிக்குப் பின்சீட்டில் ஏறிக்கொண்டான். உதியன்குளங்கரை தாண்டியது, ஆவியைக் காணோம். சூடு காட்டும் முள் நடுவிலேயே நின்றது. அமரவிளை வந்ததும் அம்மா, "நிறுத்து மக்கா" என்றாள்.

"கொதிக்கல்லியே அம்மா."

"கொதிச்சாத்தான் நிறுத்தணும்னு உண்டா? ஒனக்க அப்பா நிறுத்துத எடமாக்கும்."

நிறுத்தினேன். "இந்தா நின்னாச்சு! வித்திரலாம்" என்றான் அண்ணன்.

"நான் சொல்லி நின்னதாக்கும். நீ சும்மா இருலே" என்றாள் அம்மா.

அதற்குள் ரோசம்மா அக்கா காரைப் பார்த்துவிட்டார். பழக்கதோஷம், குடம் நிறையத் தண்ணீரோடு ஓடி வந்தார். வண்டி கொதிக்கவில்லை அக்கா, தண்ணீர் வேண்டாம் என்றேன். அவர் கண் டிரைவர் சீட்டுக்குப் போனது. அங்கே நான் இருந்தேன். குடத்தை இறக்கத் தோன்றாமல் அப்படியே நின்றார்.

அண்ணன்தான் இறங்கினான். குடத்தை வாங்கி, அண்ணாந்து, மூச்சுவிடாமல் குடித்தான். சட்டையெல்லாம் நனைந்தது. "நல்ல தண்ணியாக்கும் அக்கா" என்றான். ஈரக் கையால் கண்ணையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டான். அதன்பின் விற்கிற பேச்சை அவன் எடுக்கவே இல்லை.

உண்மையைச் சொல்லுங்கள் அப்பா, அந்த மூடி தப்பென்று உங்களுக்கு நிஜமாகவே தெரியாதா, இல்லை அமரவிளைச் சாயாவுக்காகத் தெரியாத மாதிரி இருந்தீர்களா?

எதுவாக இருந்தாலும் சரி, சரியான மூடி இனி மாறாது. ஆனால் ஒவ்வொரு முறையும் அமரவிளையில் வண்டி நிற்கும். இது என் வாக்கு.

உங்கள் டிரைவர் சீட்டில் இப்போது உட்கார்ந்திருக்கும்,
உங்கள் இளைய மகள்