ஆணிப் பலகை

மார்ச் 4

டேய் வாலு,

போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன் என்றாய், ஒரு மாதம் ஆயிற்று. என் பேச்சை நீ என்றைக்குக் கேட்டிருக்கிறாய்? ஜூனில் லீவுக்கு வா, காதைத் திருகுகிறேன்.

கடையில் மூச்சுவிட நேரமில்லை. புது அரசாங்கம் தெருவுக்குத் தெரு பாதுகாப்புக் குழு போட்டிருக்கிறது. வீட்டுக்கு ஒரு மாற்றுச் சாவியைக் குழுவிடம் கொடுக்க வேண்டுமாம். தெரு மொத்தமும் சாவி வெட்ட என் கடை வாசலில் நிற்கிறது. "நம்ம வீட்ல என்ன புதையலா இருக்கு? குடுத்துட்டுப் போவோம்" என்கிறார் பால்காரர். எனக்கும் அப்படித்தான் படுகிறது. முந்தாநாள் சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டேன். குழு ஆள்தான் வந்து திறந்துவிட்டார். பூட்டுக்காரிக்கே!

மாடி வீட்டு வாத்தியார் மட்டும் தரமாட்டேன் என்று நிற்கிறார். அவருக்கு எதிலும் வீம்பு.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

மார்ச் 19

அக்காவுக்கு,

திட்டு கிடைத்தது, சந்தோஷம். ஆனால் சாவி விஷயம் எனக்குச் சரியாகப் படவில்லை. நம் வீட்டுக்குள் யார் வரலாம் என்று நாம்தானே சொல்ல வேண்டும்? போய்த் திருப்பிக் கேள். இங்கே பத்திரிகையில் இதைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

வாத்தியார் செய்வது வீம்பு இல்லை, அக்கா. அவர் பக்கம் நாலு பேர் நின்றால் போதும். நீயாவது நில்.

வாலு

ஏப்ரல் 10

டேய் தம்பி,

இதைத் தபாலில் போடவில்லை. உன் ஊருக்கு வேலைக்கு வரும் நர்ஸ் கையில் கொடுக்கிறேன். படித்ததும் கிழித்துப் போடு.

வாத்தியாரைக் கூட்டிப் போய்விட்டார்கள். கதவு உடையவில்லை, சத்தமே இல்லை. காலையில் பார்த்தால் வீடு திறந்து கிடக்கிறது, ஒற்றைச் செருப்பு படிக்கட்டில். "அவர் என்ன பண்ணாரோ, நமக்கெதுக்கு வம்பு" என்று பால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

அவர்தான் சாவி தரவில்லையே என்பாய். நம் கடை வழக்கம் உனக்குத் தெரியும். எந்தச் சாவி வெட்டினாலும் கூடுதலாக ஒன்று வெட்டி, வீட்டு எண் எழுதி ஆணிப் பலகையில் மாட்டிவைப்போம், தொலைத்தவர்கள் வந்து கேட்டால் கொடுக்க. வாத்தியார் எப்போதோ சாவி வெட்ட வந்தபோது மாட்டியதும் அங்கே தொங்கியது. குழுத் தலைவர் வந்து, "அக்கா, அதைக் கொஞ்சம் குடுங்க, திருப்பித் தரேன்" என்றார். கடையில் கூட்டம். எதற்கென்றுகூடக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தேன். நானே கொடுத்தேன்டா, பாவி. இப்போது பலகையையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

நேற்று உன் கட்டுரையைக் காட்டி, நீ எப்போது வருகிறாய் என்று விசாரித்தார்கள். வராதே. நானே கூப்பிட்டு எழுதினாலும் வராதே. இந்த ஒரு தடவை என் பேச்சைக் கேளுடா கண்ணா.

அக்கா

மே 2

அன்புள்ள சகோதரருக்கு,

இங்கு அனைவரும் நலம். தெரு அமைதியாக உள்ளது. வதந்திகளை நம்ப வேண்டாம். தாங்கள் ஜூன் மாதம் தவறாமல் புறப்பட்டு வரவும். வரும் தேதியை உடனே தெரிவிக்கவும். தங்கள் அறை தயாராக உள்ளது.

இப்படிக்கு,
தங்கள் சகோதரி

மே 16

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. லீவு கிடையாது என்றுவிட்டார்கள். ஜூனில் வரவில்லை. பிறகு எப்போது என்றும் தெரியவில்லை.

உனக்குக் கோபம் வரும். சொன்ன பேச்சைக் கேட்காத பயல் என்று திட்டி ரெண்டு வரி எழுது. 'டேய்' என்று ஆரம்பி, அது போதும் எனக்கு.

வாலு

ஜூன் 20

அக்கா,

திட்டு இன்னும் வந்து சேரவில்லை.

வாலு