பால் ஊற்ற வந்தவர்கள்

அண்ணனுக்கு,

போனில் அழுதுவிடுவேன், அதனால் வாட்ஸ்அப்பில் எழுதுகிறேன்.

நேற்று சொந்தமெல்லாம் கூடி, கண் குழிந்து கிடந்த அப்பாவுக்கு ஆளுக்கொரு ஸ்பூன் கடைசிப் பால் ஊற்றத் தொடங்கினார்கள். நான் அவர் தோலைக் கிள்ளினேன். மடிப்பு அப்படியே நின்றது. பக்கத்துத் தெரு நர்சம்மாவைக் கூப்பிட்டேன்.

“பாலை நிறுத்துங்க, உடம்புல தண்ணியே இல்ல,” என்று ட்ரிப்ஸ் ஏற்றினார்.

சாயங்காலம் அப்பா கண் திறந்தார். “எல்லாரும் வந்திருக்கீங்களே, என்ன விசேஷம்?”

சித்தப்பா சொல்லாமலே பஸ் ஏறிவிட்டார்.

ராத்திரியில் பாத்ரூம் போக என்னை எழுப்ப மனமில்லாமல்தான் அப்பா தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருக்கிறார். இப்போது நானே உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுக்கிறேன்.

“பெரியவன் வரலையா?” என்று கேட்டார். வருகிறீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

காரியத்துக்கென்று போட்ட டிக்கெட்டை ரத்து செய்துவிடாதீர்கள்.

தங்கை