நடுவில் வரும் பந்து

ஆயுத பூஜைக்காகப் பலகை துடைத்து, அரிவாள்மனை, கத்திரிக்கோல், அவருடைய ஸ்பேனர்கள், என் வீட்டுக் கணக்கு நோட்டு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். புதிதாகவும் ஒன்று இருக்கட்டும் என்று டென்னிஸ் பந்து டப்பாவின் மூடியைக் கிழித்தேன். உஸ்ஸென்று காற்று வெளியேற, பின்னாலேயே அந்தப் புது ரப்பர் வாசனை. பொரியும் சந்தனமும் மணந்துகொண்டிருந்த சாமி அறைக்குள் நீ வந்துவிட்டாய்.

டப்பா திறந்ததும் முதலில் மூக்கை வைப்பவள் நீதான். "பால் கெட்டுப்போச்சான்னு பாக்கறியா?" என்று கேட்டால், "ஒனக்கு ஊதுவத்தி, எனக்கு இது. உடு" என்பாய்.

உன் மட்டையும் இப்போது பலகையில்தான் இருக்கிறது. உன்னை அடக்கம் செய்த மறுவாரம் உன் வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். "ஊட்ல இருந்தா அதையே பாத்துக்கினு உக்காந்துடறேம்மா. நீங்க வெச்சுக்கோங்க" என்றார். போன பூஜைக்கு நீயே அதைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாயே, நினைவிருக்கிறதா? "நான் சர்ச்சுல வேண்டிக்கினேன். ஒங்க முருகங்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லி வையி. ரெண்டு பக்கமும் ஆளு இருக்கட்டும்."

நம் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் நாம் டென்னிஸ் ஆடிய அந்த சிமெண்ட் தரையை இன்றும் ஆடுகிறவர்கள்தான் பெருக்குகிறோம். ஆலைகளின் கரித்தூள் இன்றும் படிகிறது. நீ இருந்தபோது, துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, நீ பாதி நான் பாதி பெருக்கிவிட்டுத்தான் ஆட ஆரம்பிப்போம். நான் ஆட்டத்தைக் கற்றது கைப்பேசியில் பார்த்து. உனக்கு அதுகூட இல்லை. நீ வேலை பார்த்த பேக்கிங் பிரிவில் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் ஒன்றுதான் உன் பலம்.

ஜோடியாக ஆடும் நாம் ஏன் எப்போதும் தோற்கிறோம் என்று ஒருநாள் கேட்டாய். பால் கணக்கு எழுதுகிற பழக்கத்தில், பந்து எங்கே விழுந்து தோற்றோம் என்றும் நான் குறித்து வைப்பதுண்டு. பெரும்பாலும் நம் இருவருக்கும் நடுவில். அந்தப் பந்துகளை நான் உனக்கு விட்டுவிடுவேன். சாப்பாட்டில் கடைசி அப்பளத்தை அடுத்தவர் இலைக்குத் தள்ளுகிற அதே கை.

"பந்து இன்னா பாயசமா, விருந்தாளிக்கு மொதல்ல ஊத்த? ஒனக்குத் தோதா வந்தா 'எனக்கு'ன்னு கத்து."

கத்த வரவில்லை. அந்த வார்த்தையை வீட்டில் எப்போது சொல்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குப் பசிக்கவில்லை. எனக்கு வேண்டாம். அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு நீ பந்தே எடுக்கவில்லை. என்னை ஒரு மூலையில் நிறுத்தி, எதிர் மூலையிலிருந்து, "சொல்லு" என்றாய். நான் முனகினேன். "கேக்கல!" மறுபடி. "கொசு கூட இதவிட சத்தமா பாடும்!" கோபத்தில் நான் ஒருவழியாகக் கத்தியபோது வாட்ச்மேன் ஓடிவந்தார். "இன்னாம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லண்ணே. அவ பொருள கேட்டுக்கினு இருக்கா."

திருநின்றவூர் அணியோடு ஆடிய அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் மனம் திரும்பத் திரும்பப் போகிறது. மறுநாள் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதாக இருந்தது. "ஒரு தபாவாவது ஜெயிச்சுட்டுப் போய்ப் படுக்கறேன்" என்றாய். எதிரே ஒரு மாமியாரும் மருமகளும். இருவரும் நம்மைவிட நன்றாக ஆடினார்கள். பக்கம் மாறும்போது தண்ணீர் குடிப்பதுபோல என் காதருகே குனிந்தாய்.

"கவனிச்சியா? நடுவுல வர்றத மருமவ தொடமாட்டேங்கறா. மாமியாருக்கு உட்டுடறா. அந்தம்மாவால எட்ட முடியல. பலமா அடிக்காத. நடுவுலயே மெதுவா போட்டுக்கினு இரு."

"பாவமில்லையா?"

"பாவந்தான். சர்ச்சுல நான் சொல்லிக்கறேன், நீ போடு."

போட்டோம். பந்து இருவருக்கும் நடுவே போய் வேலியில் மோதியது. "ஏம்மா, எடுக்க வேண்டியதுதானே?" "நீங்க எடுப்பீங்கன்னு, அத்தை." நீ மட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாய். சிரிப்பு இருமலாக மாறியது. எனக்கு அந்தப் பெண்ணைப் பார்க்க என்னையே பார்ப்பதுபோல இருந்தது.

இன்னும் ஒரு புள்ளி கிடைத்தால் ஆட்டம் நமது. அவர்கள் அடித்த பந்து நம் நடுவே வந்தது. வழக்கம்போல நின்றுவிட்டு உன் பக்கம் திரும்பினேன். நீ முழங்காலைப் பிடித்துக் குனிந்து, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாய். தலையை மட்டும் தூக்கி என்னைப் பார்த்தாய். கத்தவில்லை. உன்னால் முடியவில்லை.

"எனக்கு!"

என் குரல்தான். தொட்டி மேல் உட்கார்ந்திருந்த புறாக்கள் எழும்பின. பந்து மட்டையின் விளிம்பில் பட்டு, வலையைத் தாண்டி அவர்கள் நடுவில் சோம்பலாக விழுந்தது. இருவரும் ஓடிவந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்றார்கள்.

நீ தரையிலேயே உட்கார்ந்துவிட்டாய். கையைப் பிடித்துத் தூக்கினேன். "செம கத்து கத்தினியே. இனிமே நான் இல்லாட்டியும் ஆடிடுவே" என்றாய். அதை ஆட்டத்தைப் பற்றிய பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பவில்லை. சிறுவாபுரியில் எத்தனை செவ்வாய்க்கிழமை உனக்காக நின்றேன் என்பது முருகனுக்குத் தெரியும். அவனிடம் அதற்குக் கணக்குக் கேட்கவில்லை. உன்னைத்தான் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

போன வாரம் வீட்டில் கடைசி அப்பளத்தை "எனக்கு" என்று எடுத்தேன். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் குழம்புக் கிண்ணத்தையும் என் பக்கம் நகர்த்தினார். நீ இருந்திருந்தால் இதை ஒரு மாதம் சொல்லிச் சிரித்திருப்பாய்.

இப்போது என்னோடு ஆடுவது கீழ்வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள். நன்றாக ஓடுகிறாள். நான் நடுப்பந்துக்குக் கொஞ்சம் தாமதமாகக் கத்துவதாக அவளுக்கு ஒரு குறை. அவளிடம் எப்படிச் சொல்வது? பந்து வலையைத் தாண்டும் அந்தச் சிறு நேரத்தில், நீ நின்ற இடப்பக்கமிருந்து உன் குரல் வருகிறதா என்று காது கொடுக்கிறேன். வராதபோதுதான் கத்துகிறேன்.