எதிர்வீட்டு மீன்தொட்டி

ஐப்பசி, 1964. ஞாயிறு இரவு.

எதிர்வீட்டு சரோஜா மதுரையிலிருந்து கண்ணாடி மீன்தொட்டி வாங்கி வந்திருக்கிறாள். அதில் பல்பு எரியணுமாம், காத்து மோட்டார் ஓடணுமாம். எங்க வீட்டுக்காரர் மில்லில் எலக்ட்ரீஷியனாச்சே, கூப்பிட்டுவிட்டாள். காலையில் போனவர் அங்கேயே பஜ்ஜி, காப்பி எல்லாம் முடித்துப் பொழுது சாயத்தான் வந்தார்.

நடுவில் நானும் போய்ப் பார்த்தேன். பிளக்கைத் தொட்டிக்கு மேலே உயரத்தில் வைத்து, வயரை வளைத்துத் தாழத் தொங்கவிட்டிருந்தார். தண்ணீர் வழிந்தாலும் அந்த வளைவிலேயே சொட்டிவிடுமாம், பிளக்குக்குப் போகாதாம். எர்த் கம்பி வேறு. "ஈரக்கையோட சுவிட்சைத் தொட்டுராதீங்கம்மா" என்று அவளிடம் அம்புட்டுக் கரிசனம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறாமை சரோஜா மேலா, அந்த மீன்கள் மேலா, எனக்கே தெரியவில்லை.

எங்க அடுப்படி சுவிட்ச் போன வருஷத்திலிருந்து ஷாக் அடிக்கிறது. பக்கத்து ஆணியில் மரக்கரண்டியை மாட்டி வைத்து, அதால்தான் தட்டுகிறேன். சொன்னால், "எல்லாம் உன் பிரமை" என்பார்.

ராத்திரி சோறு கேட்டார்.

"அடுப்படி இருட்டா கெடக்கு. செத்த லைட்டைப் போடுங்க" என்றேன்.

எழுந்து போனார். கை நேராக மரக்கரண்டிக்குத்தான் போனது.